மணவறையில் ஒரு மூக்குக்கண்ணாடி

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு விஷயம் கேட்டாய். ஆசைப்பட்டு வாங்கி வந்திருக்கும் பழைய கிராமபோன் பாட்டுப் பிளேட்டுகளை எதைக் கொண்டு துடைப்பது என்பது ஒன்று. அதற்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீ "இருங்கம்மா, எழுதிக்கறேன்" என்றாய், அதற்குள் பேச்சு மண்டபம், சமையல்காரர் என்று எங்கெங்கோ போய்விட்டது. இரண்டாவதை, போனை வைக்கப்போகும்போது மெதுவாகக் கேட்டாய். "கல்யாணத்தன்னைக்கு மட்டும் நித்யா கண்ணாடி போடாம இருந்தா போட்டோ நல்லா வரும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. நான் சொன்னா சண்டை வந்துரும். நீங்க சொன்னீங்கன்னா கேட்டுக்குவா. ஒரு நாள்தானே?" நான் "பாக்கலாம் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். எனக்கு ஒரு விஷயத்தை நேரில் சொல்ல வராது, போனில் சுத்தமாக வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே என்று சிரிக்காமல் கடைசி வரை படி.

முதல் கேள்விக்கு முதலில் பதில். பிளேட்டுகளை இரண்டாகப் பிரித்து வை. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைந்துபோகும், அந்தப் பழைய பிளேட்டுகள் அரக்கில் செய்தவை. லேசாக, வளைத்தால் கொஞ்சம் வளைந்து கொடுப்பவை பிற்பாடு வந்தவை. அரக்குப் பிளேட்டின் பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டு போகாதே. அழுக்கோடு சேர்ந்து பாட்டும் கரைந்து துணியில் கறுப்பாக வந்துவிடும். இரண்டு வகைக்கும் ஒத்துப்போவது பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் போடுவோமே, அதே கொட்டை. விதையை எடுத்துவிட்டு ஊற வைத்துக் கசக்கி, நன்றாக வடிகட்டி, நுரை அடங்கியபின் பழைய துணியை அதில் நனைத்துப் பிழிந்து, கோடு போகிற வழியிலேயே வட்டமாகத் துடை. குறுக்கே துடைக்காதே. நடுவில் பெயர் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ஈரம் படக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை. நிழலில் நிறுத்தி வைத்துக் காய விடு. வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துபோகும். துணி எப்போதும் பழைய வேட்டியாக இருக்கட்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி கீறும். இதை மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தின் கடைசியில் அது மறுபடி வரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதே இல்லை. திருச்செங்கோட்டில் உன் தாத்தா, அதாவது என் அப்பா, மைக் செட் கடை வைத்திருந்தார் என்பது மட்டும் உனக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி விடிகாலையிலேயே பாட்டுப் போட்டுவிடுவார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டதால், அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நான் மக்குப் பிள்ளை. கரும்பலகையில் எழுதியதைப் படிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். எழுத்து தெரியாமல் நிற்கிறேன் என்று டீச்சர் நினைத்தார். எனக்கு எழுத்து நன்றாகத் தெரியும். பலகைதான் தெரியவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் வெள்ளையாகக் கலங்கித் தெரிகிறது, மற்றவர்கள் எப்படியோ யூகித்துச் சொல்லிவிடுகிறார்கள், எனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து ஒன்றை அப்படியே பார்த்தவளுக்கு அது குறை என்று எப்படித் தெரியும்? எட்டாவதில் ஒரே வகுப்பில் இரண்டாம் வருஷமும் உட்கார்ந்தபோது அத்தை, "போதும், ஊட்டு வேலையாச்சும் கத்துக்கட்டும்" என்றார். என் பை ஆணியில் தொங்கியது.

வீட்டு வேலையில் எனக்குப் பிடித்தது பிளேட்டுத் துடைப்பதுதான். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் பிளேட்டுகளில் இல்லாதது இல்லை. பன்னீர் தெளித்த கறை, லட்டு தின்ற விரல், பந்தல் தூசி. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் மூக்குக்குக் கிட்டே பிடித்துச் சாய்த்துப் பார்ப்பேன். மயிரிழை கீறலும் எனக்குத் தெரியும். "இந்த எடத்துல ஊசி குதிக்கும் பாருங்க" என்று சொன்னால் அங்கே சரியாகக் குதிக்கும். அப்பா ஆச்சரியப்படுவார். தூரம் தெரியாத கண்ணுக்குக் கிட்டத்தில் அப்படி ஒரு கூர்மை இருக்கும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு நாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. அறிவிப்புக்கு அப்பாவின் மைக் செட். நான் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போனேன். அப்பா மைக்கைப் பிடித்தபடியே, பெட்டியிலிருந்து ஒரு பிளேட்டை எடுத்துத் தரச் சொல்லி ஜாடை காட்டினார். நான் வழக்கம்போல் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்து எடுத்தேன். எதிர் மேஜையில் இருந்த டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "இங்க வாம்மா. அந்த அட்டையில இருக்கறதைப் படி" என்றார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "எந்த அட்டைங்க?" என்று கேட்டேன். அந்த நேரம் குழாயில் அப்பாவின் குரல், "பெரியோர்களே, கண்ணில் நீர் வடிதல், பார்வை மங்கல்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் பாதியில் நின்றது. ரொம்ப நேரம் குழாயில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

கண்ணாடி வந்த அன்று மலையில் படி இருப்பதைக் கீழே தெருவில் நின்றே பார்த்தேன். பஸ்ஸின் நெற்றியில் ஊர் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. எதிர்ச் சாரியில் பூக் கட்டும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கையிலிருந்த நாரை வைத்துவிட்டு, "அடி ஆத்தா, இன்னைக்குத்தான் கண்ணு நீ என்னையப் பாத்துச் சிரிக்கற! தெனமும் நான் சிரிக்க, நீ பாட்டுக்கு மொகத்தைத் தூக்கிட்டுப் போவ. தலக்கனம் புடிச்ச புள்ளைனு நெனச்சிருந்தேன்" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது. எதிரில் வருபவர் யார், சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாமல் தலையைக் குனிந்து குனிந்தே கூச்சக்காரி ஆகியிருந்தேன். என் கூச்சத்தில் பாதி கண்ணில்தான் இருந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது, அது வேறு.

அப்புறம் பெண் பார்க்க வந்தார்கள். பள்ளிபாளையத்தில் வீட்டோடு விசைத்தறி போட்டிருந்த குடும்பம். மாப்பிள்ளை உன் அப்பா. கூட வந்தவர் அவருடைய அம்மா, உன் அப்பத்தா. புருஷன் இல்லாமல் தறியையும் மகனையும் தூக்கி நிறுத்தியவர், வாயில் வார்த்தை சும்மா வராது. அவர்கள் வருவதற்கு முன்னால் அத்தை என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "கண்ணாடி போட்ட புள்ளைய எவன் கட்டுவான்? தலையக் குனிஞ்சுட்டே வா, தலையக் குனிஞ்சுட்டே போ. பொண்ணுன்னா அப்படித்தான்னு நெனச்சுக்குவாங்க" என்றார். காபித் தட்டோடு வந்தேன். எதிரில் நாலைந்து நிறம் உட்கார்ந்திருந்தது. அதில் எது மாப்பிள்ளை என்று தெரியவில்லை.

உன் அப்பத்தா கேட்டார்: "பொண்ணு பாடுமா?"

அப்பா சொன்னார்: "பாட வராதுங்க. பாட்டுப் போடுமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். "அப்பச் செரி, ஒண்ணு போடச் சொல்லுங்க" என்றார் உன் அப்பத்தா. நான் பெட்டிக்குப் போனேன். பயத்தில் எல்லாம் மறந்துபோய், கை மட்டும் தன் வேலையைச் செய்தது. பிளேட்டை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்கில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். பின்னாலிருந்து உன் அப்பத்தாவின் குரல்: "ஏனுங்க மைக் செட்டுக்காரரே, உங்க பொண்ணு மோந்து பாத்துத்தான் பாட்டுப் போடுமா?"

மறுபடியும் சிரிப்பு. அத்தை, "அது அவ வெளயாட்டுப் பழக்கமுங்க" என்று சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பி நின்றேன். அந்த வார்த்தைகள் எப்படி வந்தன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "மோந்து பாக்கலீங்க. எழுத்தைப் பாக்கறேன். எனக்குத் தூரத்துல தெரியாதுங்க. கண்ணாடி இருக்குதுங்க. அத்தைகிட்ட இருக்குதுங்க."

அத்தை நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "எங்கே, போட்டுட்டு வா பாக்கலாம்" என்றார் உன் அப்பத்தா. இடுப்பிலிருந்து வந்த கண்ணாடியில் வேர்வையும் எண்ணெயும் அப்பியிருந்தது. அதை அப்படியே போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பட்டுப் புடவைத் தலைப்பால் துடைத்தால் சரிகை கீறும். சபையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, காபியோடு வைத்த டம்ளர் தண்ணீரை ஊற்றிக் கழுவி, பிளேட்டுப் பெட்டியிலிருந்த பழைய வேட்டித் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் போட்டேன். நிமிர்ந்தேன். மாப்பிள்ளை யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கால் கட்டைவிரலை இன்னொரு காலால் மிதித்து மிதித்து உட்கார்ந்திருந்தார். என்னைவிடக் கூச்சக்காரர் ஒருவர் உலகத்தில் உண்டு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். அத்தை அதற்கப்புறம் பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "வருஷமெல்லாம் வாயத் தொறக்காதவ, தொறக்கக் கூடாத நேரத்துல தொறந்தா" என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் கடைக்கு ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா நோம்பிக்குக் குழாய் கட்டப் போயிருந்தார். வந்தவர் உன் அப்பா. காகிதத்தில் சுற்றிய ஒரு பிளேட்டை நீட்டி, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மா பொட்டு வெச்சுட்டாங்க. பாட்டு நொண்டி நொண்டிப் போவுதுங்க." பிரித்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குத் தறிக்கும் மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் வைத்த கையோடு, பாட்டுப் பிளேட்டுக்கும் சந்தனம் குழைத்துக் கோட்டின் மேலேயே மூன்று பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார் உன் அப்பத்தா. எங்கள் கடையில் நடுக் காகிதத்தில்தான் வைப்போம். "சொரண்டினீங்களா?" என்று கேட்டேன். "நகத்துல கொஞ்சம்" என்றார். "சொரண்டக் கூடாதுங்க. ஊற வெக்கணும். காஞ்ச சந்தனம் மணல் மாதிரி." அவர் தலையாட்டினார். "எப்ப வரட்டுமுங்க?" வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். வியாழக்கிழமையே வந்துவிட்டார்.

அன்று பிளேட்டை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். கடைசியில் சொன்னார்: "அம்மாவுக்கு ஒரே ரோசனையா இருக்குதுங்க. கண்ணாடி போட்டவ, தறியில நூலறுந்தாக் கண்டுபுடிப்பாளானு கேக்கறாங்க." நான் பிளேட்டுப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "அறுந்த நூலு கிட்டத்துலதானுங்க இருக்கும். கிட்டத்துல எனக்கு உங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும்." அவர் சிரித்தார். உள்ளே அத்தை பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. அத்தைக்கு எப்போது காது கேட்கும், எப்போது கேட்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பதில் உன் அப்பத்தாவின் காதுக்குப் போய்த்தான் கல்யாணம் முடிவானது. ஆனால் உன் அப்பத்தா ஒன்று சொல்லியனுப்பினார். "கட்டிட்டு வந்தப்புறம் போட்டுக்கட்டும், நான் வேண்டாங்கல. மணவறையில மட்டும் வேண்டாம். ஊரு ஒறவு முன்னாடி ஒரு நாள்தானே." நீ போனில் சொன்ன அதே வார்த்தை, சாமி. அப்பா என்னிடம் கேட்டார், "என்ன சாமி சொல்ற?" என்று. என்னையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். நான் தலையாட்டினேன். சபை நடுவில் ஒருமுறை வாய் திறந்தவள், அப்பா தனியாகக் கேட்டபோது திறக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்ததே பெரிது, இதற்கும் மல்லுக்கட்டி எதற்குக் கெடுப்பது என்று நினைத்தேன். ஒரு நாள்தானே என்று நானும் நினைத்தேன்.

அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் வாசலில்தான் பந்தல். அம்மா இல்லாததால் என்னைத் தாரைவார்த்துக் கொடுக்க அப்பா மணவறையில் உட்கார முடியாது. அது வழக்கம். சித்தப்பாவும் சின்னம்மாவும் ஜோடியாக உட்கார்ந்தார்கள். அப்பா எங்கே போவார்? தன் மைக் செட்டுக்குப் பின்னாலேயே, பந்தலின் கடைசிக் காலுக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாக் கல்யாணத்திலும் நிற்கிற இடம் அவருக்கு அதுதான். தாலி கட்டும் நேரம் பாட்டை நிறுத்திவிட வேண்டும், மேளம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது மைக் செட்டுக்காரர்களின் வேலைமுறை. மணவறையிலிருந்து யாராவது கை காட்டுவார்கள், அப்பா ஊசியைத் தூக்குவார். எத்தனையோ பெண்களுக்கு அவர் அப்படித் தூக்கியிருக்கிறார். என் கல்யாணத்தில் பாட்டு நின்றது எனக்குக் கேட்டது. அப்பா ஊசியைத் தூக்கிவிட்டார், இப்போது என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தேன். ஓமப் புகைக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ இருந்தது. அது அப்பாவின் வேட்டியா, பந்தல் துணியா என்றுகூடத் தெரியவில்லை. மேளம் முழங்கியது. தாலி கழுத்தில் ஏறியது. நான் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைதான் பிற்பாடு சொன்னார். ஊசியைத் தூக்கியவர் அதை அதன் இடத்தில் வைக்க மறந்துபோய், மேளம் அடங்கும் வரை அந்த ஊசித் தண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாராம். "உங்கொப்பன் மொகத்தை அப்பப் பாத்திருக்கணும் நீ" என்றார் அத்தை. பாத்திருக்கணும் என்பது வார்த்தைக்குச் சொன்னது. கண்ணாடி தன் இடுப்பிலிருந்து மாப்பிள்ளையின் இடுப்புக்குப் போய்விட்டதை அவர் மறந்துவிட்டார்.

ஆமாம், உன் அப்பா அதை வாங்கி வேட்டி மடிப்பில் செருகி வைத்திருந்தார். உன் அப்பத்தாவின் பார்வை எங்கள் மேலேயே இருந்ததால் கொடுக்க முடியாமல், பெண் அனுப்பும் நேரத்தில், கார் கதவுக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காதபோது எடுத்தார். அதில் சந்தனம் அப்பியிருந்தது. அவசரத்தில் தன் புதுக் கோடி வேட்டியின் முனையாலேயே அழுத்தித் துடைத்துக் கொடுத்தார். நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், கோடித் துணியில் கஞ்சி விறைத்திருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த சந்தனம் மணல் மாதிரி என்று நான் சொன்னதும் நினைவிருந்திருக்கும். எல்லாம் மறந்துபோகும் நேரம் அது. இடது பக்கக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவசரமாகத் திரும்பி அப்பாவைத் தேடினேன். மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். கார் கிளம்பியது. அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவை எத்தனையோ முறை பார்த்தேன். நீ பிறந்தபோது வந்து உன்னைத் தூக்கிய முகம் நினைவிருக்கிறது. ஆனால் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த அந்த முகம் ஒரு தடவைதான் இருந்தது. அதைப் பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. போட்டோக்காரரும் அதை எடுக்கவில்லை. அவர் மணவறையைத்தானே எடுப்பார்? என் கல்யாணம் என்றால் எனக்குத் தெரிந்தது கூடத்தில் மாட்டியிருக்கும் அந்த ஒரு போட்டோதான். நல்ல போட்டோ. கண்ணாடி இல்லாமல் நான் அழகாகவே இருக்கிறேன்.

உன் அப்பத்தாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. சொன்ன சொல் தவறாதவர். அடுத்த நாளே "கண்ணாடியப் போட்டுட்டு வந்து நூலைப் பாரு" என்றார். கீறல் விழுந்ததை மாற்றச் சொல்லி உன் அப்பா பலமுறை கேட்டும் நான் அந்தக் கண்ணாடியை நீ பிறக்கும் வரை போட்டிருந்தேன். நம் வீட்டுக்கு டிவி வந்தது உனக்கு நினைவிருக்காது. வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பத்தா அதன் திரையில் குறுக்காக விபூதிப் பட்டை அடித்து நடுவில் பொட்டும் வைத்துவிட்டார். செய்தி வாசிப்பவர் பட்டையோடு வந்து உட்கார்ந்தார். தெருவே சிரித்தது. அப்பத்தா மட்டும், "இன்னைக்குத்தான் அந்த மனுசன் மொகம் லட்சணமா இருக்குது" என்றார். மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத் துணியால் ஊற வைத்து ஒற்றி ஒற்றி எடுத்து, காய்ந்த வேட்டித் துணியால் நான் துடைத்தேன். உன் கம்ப்யூட்டர் திரைக்கும் அதே முறைதான். தண்ணீரைத் திரையில் தெளிக்காதே, துணியை நனைத்துப் பிழி. அழுத்தாதே.

அதற்குச் சில வருஷம் கழித்து அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆகி, சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி வந்தது. முதல் நாள் வீடு முழுக்க நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவரில் கரி இருப்பதைப் பார்த்து என்னைத் திட்டினார். பிறகு எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"ஏஞ்சாமி, நீ எங்க பாத்துட்டு ஒக்காந்திருக்கற இதுல?"

"எங்கப்பாவைங்க."

"அவரு எங்க நின்னாரு?"

"தெரியலீங்க."

போட்டோவை ஆணியிலிருந்து கழற்றச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு, என்னிடமிருந்து பழைய துணியை வாங்கி, போட்டோவின் மேல் போட்டிருந்த கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. நான் முந்தின நாள்தான் துடைத்திருந்தேன். இருந்தாலும் அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு தினமும் காலையில் தன் கண்ணாடியை என்னிடம் நீட்டுவார். "நீ தொடச்சாத்தான் தெளியுது" என்பார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதை எழுதும்போது உன் அப்பா எட்டிப் பார்த்தார். "என்னத்தை எழுதற இத்தனை?" என்றார். "பிளேட்டு எப்படித் தொடைக்கறதுன்னு" என்றேன். "அதுக்கு எதுக்குக் கண்ணத் தொடைக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூச்சம் இன்னும் போகவில்லை, போகிற போக்கில்தான் பேசுவார்.

ஆகையால் சாமி, நித்யாவிடம் நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அவளே கழற்றுகிறேன் என்றால் அது அவள் இஷ்டம். கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் இருக்கிறது என்கிறார்கள், அதுவும் அவள் இஷ்டம். ஆனால் "ஒரு நாள்தானே" என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது, உன் வாயிலிருந்து கண்டிப்பாக வரக் கூடாது. பெரியம்மாக்களும் போட்டோக்காரரும் என்னிடம் வந்து கேட்கட்டும். அன்றைக்கு என் அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை இந்தத் தடவை நான் சபையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

இதோடு ஒரு துணித் துண்டு வைத்திருக்கிறேன். அது உன் அப்பாவின் கல்யாண வேட்டி. அன்று விறைப்பாக நின்று என் கண்ணாடியைக் கீறியதே, அதேதான். இத்தனை வருஷம் துவைத்துத் துவைத்து எப்படி ஆகியிருக்கிறது என்று கன்னத்தில் வைத்துப் பார். பாதியை உன் பிளேட்டுகளுக்கு வைத்துக்கொள். பாதியை மணவறையில் உன் வேட்டி மடிப்பில் செருகிக்கொள். ஓமப் புகையும் மஞ்சள் அரிசியும் அவள் கண்ணாடியை ஒரு வழி பண்ணிவிடும், அவள் கையோ மருதாணியும் மாலையுமாக இருக்கும். தாலி எடுப்பதற்கு முன்னால் கேட்டு வாங்கி, சந்தனம் பட்டிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து, நீயே போட்டுவிடு. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று. அவள் அப்பா எந்த இடத்தில் நிற்பார் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள். அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு வீடியோக்காரர் நின்றால் நகரச் சொல். தாலி கட்டும்போது அவள் உன்னைப் பார்க்கவில்லையே என்று மனசில் வைக்காதே. உன்னை அவள் இனிமேல் தினமும் பார்ப்பாள்.

அம்மா